வண்டி, புத்தகம், ஆள், பணம்

பழைய வண்டித் தொழிலுக்கு நான் வந்த புதிதில் என் முதலாளி சொல்லித்தந்த பாடம் ஒன்றுதான். "வண்டி, ஆர்.சி. புத்தகம், புத்தகத்துல பேர் இருக்கிற ஆளு, குடுக்கப்போற பணம். இந்த நாலும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல நிக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் எந்திரிச்சு வந்துரு." அவர் அதற்கு முன் மாட்டுத் தரகு பார்த்தவர். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசியவர். சந்தையில் மாடும், மாட்டுக்காரரும், வாங்குகிறவரும், அவர் மடியில் இருக்கும் பணமும் ஒரே புழுதியில்தான் நிற்கும். சுழியும் பல்லும் பார்ப்பதற்கு முன்பே "எந்த ஊரு, யாரு மகன்" என்ற கேள்வி வந்துவிடும். 1980இல் டி.வி.எஸ். 50 வந்து, சம்சாரி வீட்டு வாசலிலும் மொபெட் நிற்கத் தொடங்கிய பிறகு, அவரைப் போன்றவர்கள் மாட்டை விட்டு வண்டிக்கு மாறினார்கள். சரக்கு மாறினாலும் பழக்கத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

மகாராஜபுரம் மலையடிவார ஊர். சதுரகிரிக்குப் போகிறவர்கள் வத்திராயிருப்பு தாண்டி, எங்களைக் கடந்துதான் தாணிப்பாறை சேருவார்கள். சுற்றிலும் தென்னையும் மாவும் நெல்லும். தேங்காய் கட்டிவர எக்ஸ்.எல்., சந்தைக்கு லோடு அடிக்கக் குட்டியானை, ராஜபாளையம் மில்லுக்கு ஷிப்டு போகிறவர்களுக்கு மைலேஜ் தரும் பைக், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஸ்கூட்டர், கிருஷ்ணன்கோவில் பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. இவர்களில் பாதிப்பேர் ஷோரூம் படி ஏறுவதில்லை. 'ஆட்டோ கன்சல்டிங்' என்று போர்டு மாட்டியிருக்கும் எங்களைப் போன்றவர்களிடம்தான் வருவார்கள். கையில் இருப்பது ஒரு வெட்டுத் தேங்காய்ப் பணமாக இருக்கும்; சீட்டு எடுத்த பணமாக இருக்கும்; வீட்டுக்காரி கம்மலை அடகு வைத்த பணமாகவும் இருக்கும். அந்தப் பணம் முகம் தெரியாத ஒருவன் கைக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்குவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செல்போன் வந்த பிறகு வண்டி வியாபாரம் பெரிதாகத்தான் ஆனது. முன்பு ராஜபாளையத்தில் நிற்கும் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்குத் தெரியாது. இப்போது கோயம்புத்தூரில் நிற்பதுகூட இங்கே கட்டிலில் படுத்திருக்கிறவருக்குத் தெரிகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் படம் போட்டு விற்கிறேன். படம் பார்த்து வாங்கவும் போகிறேன். ஆனால் படம் என்பது, வண்டி ஒன்று எங்கோ இருக்கலாம் என்ற தகவல். அதற்கு மேல் அது எதற்கும் சாட்சி இல்லை. 2025 ஜூனில் பக்கத்து ஊரான கூமாப்பட்டி ஒரே ரீல்ஸில் தமிழ்நாடு முழுவதும் பிரபலமானது. பார்த்துவிட்டுக் கார் கட்டிக்கொண்டு வந்தவர்களிடம், பிளவக்கல் அணைக்குள் இறங்கிக் குளிக்க அனுமதி கிடையாது என்று எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்கு நட்டம் ஒருநாள் பெட்ரோல்தான். வண்டி விஷயத்தில் படத்தை நம்பினால் ஒரு வருடச் சேமிப்பு போய்விடும்.

இணையத்தில் நடக்கும் வண்டி மோசடிகள் எத்தனையோ விதம் என்று சொல்வார்கள். என் கண்ணுக்கு அவையெல்லாம் ஒரே வேலைதான். முதலாளி சொன்ன நாலையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடுவது. எதை எதிலிருந்து பிரிக்கிறான் என்று பார்த்துவிட்டால் மோசடி தெரிந்துவிடும்.

முதல் வகை, ராணுவத்தான் வேஷம். ராஜபாளையம் பக்கத்து மில்லில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்து போனைக் காட்டினார். நல்ல ஸ்கூட்டர், குறைந்த கிலோமீட்டர், சிங்கிள் ஓனர். விலை சந்தையில் பாதிக்கும் கீழே. "மிலிட்டரிக்காரர் அண்ணாச்சி. டிரான்ஸ்பர் ஆயிருச்சாம், அதான் சீக்கிரம் தள்ளிவிடுறாரு. கேண்டீன்ல எடுத்த வண்டியாம், அதனாலதான் ரேட்டு கம்மி" என்றார். சீருடை போட்ட படம், அடையாள அட்டை, ஆதார், ஆர்.சி. எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தன. என்னிடம் வருவதற்குள் தம்பி 'கேட் பாஸ்' என்று ஒரு தொகை அனுப்பிவிட்டார். பிறகு 'பார்சல் சார்ஜ்' கேட்டிருக்கிறான். அதற்கு ராணுவ முத்திரை குத்திய ரசீதும் வந்தது. இப்போது ஜி.எஸ்.டி. கேட்கிறான், வண்டி கைக்கு வந்ததும் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்கிறான்.

இந்த ஏமாற்றில் உண்மையான வண்டி ஒன்று எங்கோ இருக்கலாம். உண்மையான ராணுவ வீரர் ஒருவரின் அட்டையாகவும் இருக்கலாம்; அதை இதற்கு முன் ஏமாந்த யாரிடமிருந்தாவது வாங்கி வைத்திருப்பான். ராணுவத்தான் என்றால் நம் மக்கள் மரியாதையாக நினைப்பவர்கள், சந்தேகப்படுவதையே தப்பு என்று கருதுபவர்கள். அந்த மரியாதையைத்தான் அவன் திருடுகிறான். 2020இல் சென்னைக் காவல் துறையின் தனிப்படை ராஜஸ்தானின் பரத்பூர் பக்கம் வரை போய், இப்படி ராணுவ வீரர் என்று சொல்லிப் பழைய வண்டி விற்பதாக ஏமாற்றியவர்களைப் பிடித்து வந்தது. விளம்பரத்தில் நம் ஊர்ப் பதிவெண், பேசுகிறவன் இருப்பதோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

தம்பியிடம் நான் ஒன்றுதான் சொன்னேன். "பணத்த இனிமே அனுப்பாத. வண்டி எங்க நிக்குதுன்னு கேளு, நம்ம நேர்ல போவோம்." மதுரை விமான நிலையத்தில் டூட்டி, வெளியாளை உள்ளே விட மாட்டார்கள் என்று பதில் வந்தது. விமான நிலையத்தைக் காப்பது சி.ஐ.எஸ்.எஃப். அது உள்துறை அமைச்சகத்துப் படை, ராணுவம் அல்ல. ராணுவத்துக்குப் பழைய ஸ்கூட்டரை வீடு கொண்டுவந்து சேர்க்கும் பார்சல் சர்வீசும் கிடையாது. அதையும் சொன்னேன். அதற்கு மேல் அவர் அனுப்பவில்லை. வண்டி வாங்குகிறவன் கேட் பாஸுக்கோ வரிக்கோ விற்கிறவனிடம் தனியாகப் பணம் கட்டும் வழக்கம் எங்கள் தொழிலில் எங்குமே இல்லை. சிறு தொகையில் ஆரம்பித்து, "இது போனா முன்ன குடுத்ததும் போயிருமே" என்ற பயத்தில் அடுத்ததை வாங்குவதுதான் அவர்கள் முறை. எந்தத் தொகையில் புத்தி வருகிறதோ அந்த இடத்தில் நிறுத்திவிடுவது நல்லது. போனதைப் பிடிக்க இன்னும் அனுப்பக் கூடாது.

இரண்டாவது வகையைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். இதில் பழகியவர்கள்கூட விழுகிறார்கள். ஏனென்றால் இதில் வண்டி கண்முன் நிற்கும். புத்தகம் சரியாக இருக்கும். புத்தகத்தில் பேர் உள்ள ஆள் எதிரே உட்கார்ந்து காப்பி கொடுப்பார். பணம் மட்டும் வேறு பக்கம் போகும்.

எங்கள் ஊர்த் தேங்காய் வியாபாரி ஒருவர் குட்டியானை தேடிக்கொண்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வண்டி நிற்பதாகப் படத்தில் பார்த்து, என்ஜின் பார்த்துச் சொல்ல என்னையும் கூட்டிப்போனார். போகும் வழியிலேயே அவருக்கு விற்பவனிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. "வண்டி எங்க அண்ணன் வீட்டுல நிக்குது. பேப்பர் அவர் பேர்லதான் இருக்கு. நீங்க வண்டிய மட்டும் பாருங்க. விலை பேச வேண்டாம். அவருக்கும் எனக்கும் ஒரு கணக்கு இருக்கு, தெரிஞ்சா விக்க விட மாட்டாரு. பிடிச்சிருந்தா அட்வான்ஸ எனக்குப் போட்டுவிடுங்க, அவரே சாவியக் குடுப்பாரு."

வீட்டுக்காரர் நல்ல மனிதர். வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினார். என்ஜின் சுத்தம், ஃபுட்போர்டில் துரு இல்லை, புத்தகத்தில் அவர் பேர். எல்லாம் சரிதான். ஆனால் அவரும் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. விற்கிறவர் விலை சொல்லாத வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. வியாபாரியை ஒதுக்குப்புறமாகக் கூப்பிடாமல், எல்லோர் முன்னாலும் வீட்டுக்காரரிடமே கேட்டேன். "அண்ணாச்சி, நீங்க எவ்வளவுக்குக் குடுக்குறீங்க? பணம் யார் கையில குடுக்கணும்?" அவர் தயங்கினார். பிறகு, "உங்ககிட்ட விலை பேச வேண்டாம்னுல்ல அவரு சொன்னாரு?" என்றார்.

"யாரு?"

"உங்க மச்சான்தான். வண்டிய அவரே எடுத்துக்கிறதாச் சொன்னாரு. உங்களுக்கு ஏதோ பாக்கி குடுக்கணுமாம், அதுக்குப் பதிலா வண்டியக் குடுக்குறாராம். சாயங்காலம் என் அக்கவுண்டுக்கு முழுப் பணமும் வந்துரும்னாரு."

இருவரும் சொன்ன விலையில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அவர் தன் வண்டியை நியாயமான விலைக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். அதில் இருந்த படத்தை எடுத்து, குறைந்த விலைக்கு இன்னொரு விளம்பரம் போட்டவன் நடுவில் இருந்தான். விற்கிறவரிடம் வாங்குகிறவனாகப் பேசினான். வாங்குகிறவரிடம் விற்கிறவனாகப் பேசினான். இரண்டு நேர்மையான மனிதர்களை எதிரெதிரே உட்கார வைத்து, பேச வேண்டிய ஒரே விஷயத்தைப் பேசாதபடி இருவர் வாயையும் கட்டிப்போட்டான். நாங்கள் அவன் எண்ணுக்குப் போட்டபோது அணைந்திருந்தது. வியாபாரி அட்வான்ஸ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பணம் குடுத்துட்டேன், வண்டியக் குடு" என்று ஒருவர். "எனக்கு ஒரு ரூபாயும் வரல" என்று இன்னொருவர். அடிதடி வரை போய், இருவரும் ஒருவர் மேல் ஒருவர் புகார் எழுதியிருப்பார்கள். இப்படி நடந்த வீடுகள் உண்டு.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இது. வண்டி பார்க்கப் போன இடத்தில், புத்தகத்தில் பேர் உள்ளவரிடம் இரண்டு கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள்: விலை எவ்வளவு, பணம் யாருக்கு. "விலை பேசாதே" என்று எவன் சொன்னாலும், சொந்தத் தம்பியே சொன்னாலும், அந்த வார்த்தையைக் கேட்டவுடன் அந்த வியாபாரத்தை நிறுத்துங்கள். பணம் கைமாறுவது புத்தகத்தில் பேர் உள்ளவருக்கு மட்டும்.

விற்கிறவர்களும் இதே அளவு கவனமாக இருக்க வேண்டும். விற்கப் போகும்போது பணம் வரத்தானே போகிறது, போகாதே என்ற தைரியத்தில் நம் ஆட்கள் அசந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய ஸ்கூட்டரை விற்க நினைத்த அம்மா ஒருவருக்கு, விளம்பரம் போட்ட கொஞ்ச நேரத்திலேயே பேரம் பேசாத ஆள் கிடைத்தான். அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று கியூ.ஆர். கோடு அனுப்பினான். "மொதல்ல அஞ்சு ரூபாய்க்கு ஸ்கேன் பண்ணிப் பாருங்கம்மா, பத்து ரூபாயா திரும்பி வரும்" என்றான். வந்தது. நம்பிக்கை வந்த பிறகு பெரிய தொகைக்கு ஒன்று அனுப்பினான். அது போனதுதான், திரும்பவில்லை. கியூ.ஆர். கோடு ஸ்கேன் செய்வதும், யு.பி.ஐ. பின் நம்பர் அடிப்பதும் பணம் கொடுப்பதற்குத்தான். பணம் வாங்க எதையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, எந்த நம்பரும் அடிக்கத் தேவையில்லை. முன்பு இதே ஏமாற்றைப் பணம் கேட்கும் கோரிக்கை அனுப்பியும் செய்தார்கள். தனிநபருக்குத் தனிநபர் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் நிறுத்திவிட்டது. அந்தக் கதவு மூடியது. ஸ்கேன் கதவு திறந்துதான் இருக்கிறது.

பணம் போட்டுவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சாவி கேட்பவர்களும் உண்டு. ஸ்கிரீன்ஷாட்டும் குறுஞ்செய்தியும் யாராலும் தயாரிக்க முடியும். நம் கணக்கைத் திறந்து, இருப்பில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகுதான் சாவி. பலருக்குத் தெரியாத இன்னொன்று: பணம் யாருடைய கணக்கிலிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் பேர் ஒன்று, பணம் வந்த கணக்கின் பேர் வேறொன்று என்றால் வாங்காதீர்கள். வேறு எங்கோ ஏமாந்த ஒருவரின் பணம் அதுவாக இருந்தால், அவர் புகார் கொடுத்தவுடன் நம் கணக்கு முடங்கும். வண்டியும் போய், பணமும் எடுக்க முடியாமல், வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் நடக்க வேண்டிவரும். ஓ.டி.பி. விஷயமும் அப்படித்தான். இப்போது பேர் மாற்றும் வேலை பரிவாகன் தளத்தில் நடக்கிறது; ஆர்.சி.யில் பதிந்த செல்போனுக்கு எண் வரும். அது நம் கையெழுத்துக்குச் சமம். எதற்கு என்று தெரியாமல் யாரிடமும் சொல்லக் கூடாது. பதிந்த செல்போன் எண் பழையதாக இருந்தால், விற்பதற்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும்.

பரிவாகன் பேரிலேயே இன்னொரு வலையும் விரிக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும். வண்டி நம்பரும் சரியாக இருக்கும். கூடவே ஓர் ஏ.பி.கே. கோப்பு. அதைத் தொட்டு இறக்கினால் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவன் கைக்குப் போகும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதில் எளிதாக விழுவார்கள். முந்தின ஓனர் செய்த தப்பாக இருக்கும் என்று நினைத்துத் திறந்துவிடுவார்கள். அபராதம் உண்டா என்பதை அரசின் இ-செலான் தளத்தில் வண்டி நம்பர் போட்டு நாமே பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த எந்தச் செயலியையும் இறக்க வேண்டியதில்லை.

இனி, வண்டியும் புத்தகமும் நேரில் கிடைத்த பிறகு என்ன பார்க்க வேண்டும் என்பது. எம்பரிவாகன் செயலியில் பதிவெண் போட்டால் ஓனர் பேரின் சில எழுத்துகள், பதிவான தேதி, கடன் உண்டா, இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் எப்போது முடிகிறது என்று தெரிந்துவிடும். டி.என். 84 ஸ்ரீவில்லிபுத்தூர், டி.என். 67 விருதுநகர், டி.என். 95 சிவகாசி. வெளியூர்ப் பதிவாக இருந்தால் அது இங்கே எப்படி வந்தது என்று கேட்டால், விற்கிறவர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும். ஃபைனான்ஸ் போட்ட வண்டியானால், கடன் கொடுத்த இடத்தின் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் கையில் இருக்க வேண்டும். "டியூ முடிஞ்சிருச்சு, பேப்பர் அப்புறம் தர்றேன்" என்ற பேச்சுக்கு மதிப்பு இல்லை. டியூ கட்டாத வண்டியை வாங்கினால், ஒருநாள் காலையில் சீஸிங் ஆட்கள் வந்து வாசலில் நிற்பார்கள்.

சேஸிஸ் நம்பரைக் கண்ணால் பார்த்தால் போதாது. பேர் மாற்றும் விண்ணப்பத்துக்கே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்போம். அதை விலை பேசும் முன்பே எடுத்துவிடுவது என் வழக்கம். நம்பரை ராவிவிட்டுப் புதிதாக அடித்திருந்தால் கண்ணுக்கு மறையும் அரம் போட்ட கோடுகள் பென்சிலில் எழும்பிவிடும். எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒன்றுபோல் இருக்காது. மொத்தம் 17 இடம். எம்.டி.6 என்று தொடங்கினால் டி.வி.எஸ்., எம்.டி.2 பஜாஜ், எம்.பி.எல். ஹீரோ, எம்.இ.4 ஹோண்டா. ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வராது. ஒன்று, சுழியம் என்ற எண்களோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். வண்டி ஒரு கம்பெனி, நம்பர் வேறு கம்பெனி என்றால் அதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

மீட்டரை நம்பாதீர்கள், அதைத் திருப்புவது லேசான வேலை. பிரேக் மிதி, கிக்கர் ரப்பர், ஹேண்டில் பிடி எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். இருபதாயிரம் ஓடிய வண்டியில் மிதி வழவழவென்று இருக்காது. 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பெருவெள்ளம் வந்தபோது எத்தனையோ வண்டிகள் முங்கின. முங்கிய வண்டியைக் கழுவிப் பாலிஷ் போட்டுப் படம் எடுத்தால் புதுசு மாதிரிதான் தெரியும். காராக இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே நிற்கும். கால் விரிப்பைத் தூக்கி அடியில் துருவையும், மூக்கால் அந்த வாடையையும் பாருங்கள். இதையெல்லாம் எந்தப் படமும் காட்டாது.

பணம் கொடுத்துச் சாவி வாங்கியதோடு வியாபாரம் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் நம் பக்கத்தில் பெரிய குறை. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் பேர் மாற்றாமல் ஓட்டுவார்கள். தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பேருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்ன தீர்ப்பு ஒன்று போதும். 2007இல் ஒருவர் விற்ற கார், பேர் மாறாமலே கைமாறிக் கைமாறிப் போனது. 2009இல் விபத்து நடந்தபோது அது வேறொருவர் கையில் இருந்தது. ஆனாலும் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே ஓனர், நட்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்று முடித்துப் பணத்தையும் செலவழித்த பிறகும், அந்த வண்டி எங்கே யாரை இடித்தாலும் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

அதனால் வண்டி கொடுக்கும்போது டெலிவரி ரசீதில் தேதியோடு நேரத்தையும் எழுத வேண்டும். காலை 10.40க்குச் சாவி கொடுத்தேன் என்று எழுதிய ரசீது, 11 மணிக்கு நடந்த ஒன்றுக்கு நமக்குச் சாட்சி. ஆனால் ரசீது பேர் மாற்றத்துக்கு ஈடாகாது. எங்களைப் போன்ற கன்சல்டிங்காரர்களுக்கும் 2023 ஏப்ரல் 1 முதல் விதி வந்துவிட்டது. பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டியை வாங்கியதும் ஓனரும் டீலரும் சேர்ந்து படிவம் 29சி-யில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் வண்டிக்கு டீலர் பொறுப்பு. எங்களில் சிலருக்கு இது சுமையாகத் தெரிகிறது. நான் இதை வரவேற்கிறேன். எங்களிடம் விட்டுவிட்டுப் போன வண்டியை நினைத்து ஓனர் ராத்திரி தூக்கம் கெடக் கூடாது. உங்கள் வண்டியை யாரிடம் கொடுத்தாலும் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு சரிபார்க்க நேரம் எங்கே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஏமாற்றுகிறவனும் அதைத்தான் சொல்வான்: "இன்னொருத்தர் அட்வான்ஸ் குடுக்க ரெடியா இருக்காரு, ஒரு மணி நேரத்துல சொல்லுங்க." நம் பக்கத்தில் செவ்வாயில் வண்டி எடுக்க மாட்டார்கள், ராகு காலம் பார்ப்பார்கள். ஆடியில் கடை காற்று வாங்கும். ஆவணி பிறந்ததும் போன் வரத் தொடங்கும். நல்ல நாள் பார்க்கிறேன் என்று சொல்பவர்களை நான் ஒருநாளும் அவசரப்படுத்துவதில்லை. அந்த இரண்டு மூன்று நாளில் ஆர்.டி.ஓ. பதிவு பார்க்கலாம், ஃபைனான்ஸில் விசாரிக்கலாம், புத்தகத்தில் உள்ள முகவரிக்கு நேரில் போய்ப் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். உண்மையான விற்பனைக்காரர் வெள்ளிக்கிழமை வரை பொறுப்பார்.

அப்படியும் பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். நாடு முழுவதற்கும் அதுதான் சைபர் மோசடி உதவி எண். பணம் போன தேதி, நேரம், பரிவர்த்தனை எண், எந்தக் கணக்குக்குப் போனது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவன் பணத்தை எடுப்பதற்கு முன் தகவல் போனால் அந்தக் கணக்கில் நிறுத்திவைக்க முடியும். ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் மீட்பது கஷ்டம். பிறகு மத்திய அரசின் சைபர் கிரைம் புகார்த் தளத்தில் பதியுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போங்கள். பேசிய எண்ணையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். கோபத்தில் முதலில் அதைத்தான் அழிக்கிறார்கள்.

வெட்கம்தான் இதில் பெரிய தடை. அந்த மில் தம்பி வீட்டில் சொல்லவே இல்லை. ஊரில் சிரிப்பார்களே என்று பயந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போன் போட வைத்தேன். ஏமாந்தவரைப் பார்த்து "படிச்சவன்தானே, இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கும் ஒவ்வொருவரும் அடுத்த ஆளின் வாயை அடைக்கிறார்கள். ஏமாந்தவர் வாய் திறந்து, எந்த எண்ணிலிருந்து, என்ன சொல்லி, எப்படிக் கேட்டான் என்று டீக்கடையில் சொன்னால், அந்தத் தெருவில் இன்னொருவர் அதே வலையில் விழ மாட்டார். அவர் ஊருக்கு நல்லதுதான் செய்கிறார்.

பழைய வண்டி வாங்குவது ஏழைபாழைகளின் உரிமை. புது வண்டிக்கு வழியில்லாத வீட்டில் ஒரு எக்ஸ்.எல். வந்து நின்றால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போகும், தேங்காய் நேரத்தோடு சந்தைக்குப் போகும், பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யார் வாசலிலும் நிற்க வேண்டாம். பயந்துகொண்டு யாரும் வாங்காமல் இருந்துவிடக் கூடாது. செல்போனில் தேடுங்கள், பேசுங்கள், விலை கேளுங்கள். பணத்தை மட்டும் செல்போனில் முடிக்காதீர்கள். வண்டி பார்க்க விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகத்தில் பேர் உள்ளவரை அவர் வீட்டிலேயே பாருங்கள். விலையை எல்லோர் முன்னாலும் பேசுங்கள். பணத்தை அவர் கணக்கிலேயே போடுங்கள். அந்த வாரமே இருவரும் சேர்ந்து பேர் மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். கூட்டிப்போக ஆள் இல்லாதவர்கள் பக்கத்து ஊர் மெக்கானிக்கையோ எங்களில் ஒருவரையோ கேளுங்கள். வாங்கப்போகிற வண்டியைப் பார்த்துச் சொல்வது எங்கள் தொழிலில் பாதி. மீதிப் பாதி, வாங்க வேண்டாம் என்று சொல்வது.